முன்கூட்டிச் சொன்ன ஸ்தோத்திரம்

எங்கள் மாமா சபையில் எழுந்து நின்று பேசியது வாழ்நாளில் ஒரே ஒரு முறை. அந்த ஒரு முறைக்கே எங்கள் வீடு பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, அவரை இன்னொரு முறை பேச விட யாருக்கும் தைரியம் வரவில்லை. அவருக்கும் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. ஒக்கலிபுரத்தில், ரயில் சத்தம் கேட்கிற ஒரு சந்தில், ஒரே வீட்டில் இரண்டு குடும்பமாக இருந்தோம். முன்னறையில் அப்பா, அம்மா, நான். பின்னறையில் அம்மாவின் தம்பியான மாமாவும் அவர் மனைவியான அத்தையும். சமையலறை பொது, சண்டையும் பொது. மாமா பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். அத்தை அதே பீன்யாவில் ஒரு கார்மென்ட்ஸில் சட்டைக்குக் காலர் தைத்தார். அவர்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை.

எங்கள் சபை ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில் நடந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் பாய் போட்டுச் சிறுவர்கள். அத்தை எப்போதும் கடைசி வரிசையில், ஃபேன் சுவிட்சுக்குப் பக்கத்தில் உட்காருவார். பிறந்த குழந்தையை மேடைக்குக் கொண்டுவந்து பாஸ்டர் ஜெபிக்கும் நாட்களில், கீழே போய் எல்லாருக்கும் டீ ஊற்றி வைக்கும் வேலை தானாக அத்தைக்கு வந்துவிடும். யாரும் வேண்டுமென்று கொடுத்ததில்லை. அப்படி வந்து வந்து அது அவர் வேலையாகவே ஆகிவிட்டது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததில்லை. டீயோடு கொடுக்கும் பிஸ்கட் பாக்கெட் அத்தையின் பொறுப்பில் இருந்ததால் லாபம்தான்.

மாமாவுக்கு வாரா வாரம் ஷிஃப்ட் மாறும். இரவு ஷிஃப்ட் வாரங்களில் வெள்ளிக்கிழமை பகலில் நடக்கும் உபவாச ஜெபத்துக்குப் போவார். அதற்கு ஏழெட்டுப் பேருக்கு மேல் வரமாட்டார்கள். அப்படியொரு வெள்ளிக்கிழமை பாஸ்டர் ஒரு புதுப் போதனை கொடுத்தார். கேட்டது கைக்கு வந்த பிறகு நன்றி சொல்வது மரியாதை. வருவதற்கு முன்பே நன்றி சொல்வதுதான் விசுவாசம் என்றார். மாமா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். காலி வயிற்றில் எதுவும் சீக்கிரம் ஏறும் என்று அப்பா பிற்பாடு சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாட்சி சொல்லும் நேரம். ஒருவருக்குச் சர்க்கரை குறைந்திருந்தது, ஒருவருக்குத் தொலைந்த மொபைல் கிடைத்திருந்தது, ஒரு அண்ணன் மூன்றாவது முயற்சியில் டிப்ளமோ பாஸாகியிருந்தார். அப்போது ஆண்கள் பக்கத்தில் மாமா எழுந்தார். வெளியே போக எழுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கர்த்தர் எங்களுக்கு ஒரு பிள்ளைய குடுத்ததுக்காக ஸ்தோத்திரம் சொல்றேன்" என்றார். உடனே உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஏழெட்டுப் பேர் கேட்ட போதனை ஞாயிற்றுக்கிழமை வந்த கூட்டத்துக்கு எப்படித் தெரியும்? ஹால் அதிர்ந்தது. டிரம்ஸ் அடிக்கும் அண்ணன் பாட்டே இல்லாமல் அடித்தார். பாஸ்டருக்காவது விஷயம் உறைத்திருக்க வேண்டும். ஆனால் ஒன்பது வருடமாக அவருடைய ஜெபக் குறிப்பில் இவர்கள் பெயர் இருந்தது. மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் உயர்த்திவிட்டார். தாம் முந்தாநாள் சொன்னது அவருக்கே ஞாபகம் வரவில்லை.

பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் ஞாயிறு பள்ளி டீச்சர், ரிட்டயரானவர், முட்டி வலியோடு வரிசைகளைத் தாண்டிப் போய் அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதார். அத்தையின் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. நான் பாயிலிருந்து குதித்து எழுந்து, எங்கள் வீட்டுக்குப் பாப்பா வரப்போகிறது என்று பக்கத்திலிருந்த நாலு பேருக்குச் சொன்னேன். அன்று அந்த ஹாலில் என்னைவிடச் சந்தோஷமாக யாரும் இருந்திருக்க முடியாது.

வீட்டுக்கு வரும்போது அத்தை முன்னால் வேகமாக நடந்தார். மாமா பத்தடி பின்னால் வந்தார். அன்று சமையலறையில் நடந்த பேச்சை அம்மா பல வருடம் கழித்துத்தான் எனக்குச் சொன்னார்.

"அங்கயே இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று அம்மா கேட்டாராம்.

"டீச்சர் அழுதாங்க அண்ணி" என்றாராம் அத்தை. "ஒம்பது வருஷமா எனக்காக முட்டி போட்டவங்க. என்னைக் கட்டிப் புடிச்சுக்குனு அழறவங்க கைய எடுத்து வுட்டு எப்படி இல்லன்னு சொல்றது?"

மாமா கதவோரமாக நின்றுகொண்டு, "நான் பொய் சொல்லலக்கா. கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டேன், அவ்ளோதான்" என்றார்.

"எவ்ளோ முன்னாடி?" என்று கேட்டது அப்பா.

அடுத்த ஞாயிறு மாமாவே எழுந்து விளக்கம் சொல்லிவிடுவது என்று முடிவானது. ஆனால் அந்த ஞாயிறு பார்த்து அவருக்கு ஓவர்டைம் வந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு அவருக்குக் காய்ச்சல் வந்தது. உண்மையான காய்ச்சல்தான், அம்மா தொட்டுப் பார்த்தார். இதற்குள் சபைப் பெண்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவரும் வெறுங்கையோடு வரவில்லை.

எனக்கு மட்டும் யாரும் எதையும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. என் காதில் விழுந்தது தெருமுனை வரை போய்விடும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். "பாப்பா பத்தி வெளிய எங்கயும் பேசக் கூடாது, தெரிஞ்சுதா?" என்று அம்மா மிரட்டினார். திருஷ்டி படக் கூடாது என்பதற்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். விசுவாசிகள் திருஷ்டியை நம்பக் கூடாதுதான். எங்கள் வீட்டில் பாதி நம்புவார்கள்.

பின்னறையில் ஒரு இரும்பு அலமாரி. அதன் நடுத்தட்டு பாப்பாவுக்கென்று ஆகிவிட்டது. பழைய காட்டன் புடவைகளைக் கிழித்து ஓரம் அடித்த துணிகள், ரப்பர் ஷீட், எண்ணெய், சோப்பு, பவுடர், குடை மாதிரி விரியும் கொசுவலை. எல்லாவற்றுக்கும் மேலே டீச்சர் தன் கையால் பின்னிய மஞ்சள் ஸ்வெட்டர், மார்பில் இரண்டு வெள்ளை வாத்துகளோடு. பள்ளியிலிருந்து வந்ததும் முதல் வேலையாக அந்தத் தட்டைப் பார்ப்பேன். என் பொம்மைக்கு அந்த ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்து அத்தையிடம் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பொம்மையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஸ்வெட்டரை மெதுவாகக் கழற்றி, நாலாக மடித்து வைத்தார்.

கொஞ்ச நாளில் தட்டு குறைய ஆரம்பித்தது. முதலில் துணி மூட்டையைக் காணோம். பிறகு எண்ணெய், சோப்பு. ஒருநாள் கொசுவலை. அத்தையிடம் கேட்டால், "பத்திரமான எடத்துல கீது கண்ணு" என்பார். அத்தையின் கார்மென்ட்ஸ் பை காலையில் போகும்போது உப்பலாகவும் மாலையில் வரும்போது தட்டையாகவும் இருப்பதைக் கவனித்தேன். எட்டு வயதில் எனக்கு இருந்த துப்பறியும் மூளையில் கால்வாசி பரீட்சைக்குப் பயன்பட்டிருந்தால் என் வாழ்க்கையே வேறாகியிருக்கும்.

ஒரு சனிக்கிழமை அம்மாவுக்கு வெளியே வேலை இருந்தது. என்னை வீட்டில் தனியாக விட மனமில்லாமல் அத்தை தன்னோடு பஸ்ஸில் பீன்யாவுக்குக் கூட்டிப் போனார். ஃபேக்டரிக்கு இல்லை, அன்று அதற்கு லீவு. ஒரு குடோனுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட வரிசை அறைகளில் ஒன்றுக்கு. ஐந்து பெண்கள் வாடகைக்கு இருந்த அறை அது. நான்கு பேர் வெளியே துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது ஆள் உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது, இருபது வயதிருக்கும். வயிறு பெரிதாக இருந்தது. ராய்ச்சூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள், அத்தைக்குப் பக்கத்து மிஷினில் கைப்பட்டி தைப்பவள். கட்டட வேலை செய்கிற அவள் புருஷன் வேறு ஊருக்கு வேலைக்குப் போய் மூன்று மாதமாக போனை எடுக்கவில்லை. வயிறு தெரிந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து, தளர்ந்த பெரிய சட்டையைப் போட்டு மறைத்துக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று என் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான். சுவரில் ஆணியில் மஞ்சள் ஸ்வெட்டர் தொங்கியது. வெள்ளை வாத்துகள் என்னையே பார்த்தன.

அந்த அக்கா கன்னடத்தில் ஏதோ சொல்லிச் சிரித்து எனக்கு ஒரு கிண்ணம் பொரி கொடுத்தாள். நான் தொடவில்லை. அத்தையும் அவளும் கன்னடத்தில் பேசிக்கொண்டே இருந்தார்கள். அத்தை கீழே உட்கார்ந்து அவள் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து, வீக்கம் இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். நம் பாப்பாவின் சாமானை யாரோ ஒரு பாப்பாவுக்குத் தூக்கிக் கொடுத்த அத்தையோடு எனக்கு என்ன பேச்சு?

வெளியே பேசக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார். ஆனால் ஜெபிக்கக் கூடாது என்று சொல்லவில்லையே. மறுநாள் ஞாயிறு பள்ளியில் டீச்சர் வழக்கம்போல, யாருக்கு என்ன ஜெப விண்ணப்பம் என்று கேட்டார். ஒருவன் பாட்டிக்கு ஆபரேஷன் என்றான், ஒருத்தி கணக்குப் பரீட்சை என்றாள். நான் கையைத் தூக்கி, "எங்க அத்தை எங்க பாப்பாவோட சாமான் எல்லாத்தையும் வேற யாருக்கோ குடுத்துட்டாங்க டீச்சர். வாத்து ஸ்வெட்டரையும் குடுத்துட்டாங்க. அவங்க மனசு மாறணும்னு ஜெபிக்கணும்" என்றேன்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். அன்று எங்களுக்கு ஜெபம் நடக்கவில்லை.

ஆராதனை முடிந்து ஆண்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பெண்கள் அத்தையைச் சுற்றி நின்றார்கள். எப்படியோ விஷயம் பரவியிருந்தது. கொசுவலை கொடுத்த சிஸ்டர்தான் ஆரம்பித்தார். டீச்சர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் டீச்சரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். ஏதோ பெரிதாகச் செய்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது.

"எங்க வயித்த கட்டி உனக்கு வாங்கிக் குடுத்தோம். அத வேற யாருக்கோ குடுத்தியா? டாக்டர்கிட்டயாவது போனியா நீ? எத்தினி மாசம் ஆவுது?" என்றார் அந்த சிஸ்டர்.

மாமா ஆண்கள் பக்கத்திலிருந்து செருப்பில்லாத ஒரு காலோடு ஓடி வந்தார். "தப்பு என்மேல சிஸ்டர், நான்தான் அன்னிக்கி…" என்று ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க" என்றார் அத்தை. அத்தை மாமாவிடம் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதே இல்லை. மாமா அப்படியே நின்றுவிட்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்றார் அத்தை. "அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல. அவர் விசுவாசத்துல முன்னாடியே நன்றி சொன்னாரு. நீங்க எல்லாரும் நெசம்னு எடுத்துக்குனீங்க. நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லல. இத்தினி வருஷத்துல இப்பதான் நீங்க எல்லாரும் எங்கிட்ட வந்து பேசினீங்க. அது எனக்கு நல்லா இருந்துச்சு. அதான் சொல்லல. அது என் தப்பு."

அத்தை முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். ஆனால் தலையைக் குனியவில்லை.

"நீங்க குடுத்ததெல்லாம் பீரோல வந்து உக்காந்துக்குச்சு. அத பாத்தாலே எனக்கு அழுகை வரும். ஆண்டவரே, கைல குடுக்கறியே, யாருக்குன்னு சொல்லலையேன்னு கேட்டுக்குனே இருந்தேன். பக்கத்து மிஷின்ல ஒரு பொண்ணு. வயித்த மறச்சிக்குனு வேலை செய்யுது. பொறக்கப் போற புள்ளைக்கு ஒரு துண்டுத் துணி கெடையாது. அதுக்கப்புறமும் நான் என்னாத்த கேக்கறது? எடுத்துக்குனு போய் குடுத்துட்டேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம குடுத்தது தப்புதான். குடுத்தது தப்பில்ல."

கொசுவலை சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அப்படின்னா எங்கள ஏமாத்திட்ட" என்றார். அவர் அப்படிச் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "ஆமா சிஸ்டர்" என்றார் அத்தை.

நான் அழ ஆரம்பித்தேன். என் அழுகை வேறு காரணத்துக்காக. பாப்பா இல்லை என்பது எனக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது.

டீச்சர் கண்ணாடியைப் புடவையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "அந்தப் பொண்ணுக்கு எத்தினி மாசம்?" என்று கேட்டார்.

"ஏழு முடியப் போவுது டீச்சர்."

டீச்சர் விரல் விட்டு எண்ணினார். "அப்போ டிசம்பர்ல பொறக்கும். நல்ல குளிரு. ஸ்வெட்டர் மட்டும் பத்தாது. தலைக்கும் காலுக்கும் பின்னணும்." பக்கத்திலிருந்த பெண்ணைப் பார்த்து, "உங்கிட்ட நூல் மிச்சம் இருக்கா?" என்றார். அதோடு அந்தக் கூட்டம் கலைந்தது. சிலர் அத்தையிடம் ஒன்றும் பேசாமல் படியிறங்கினார்கள். சிலர் நின்று அந்தப் பெண்ணின் அறை எங்கே என்று கேட்டார்கள். கொசுவலை சிஸ்டருக்கு மறுநாளே அத்தை கொசுவலையைத் திருப்பிக் கொடுத்தார். அவரும் வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் பாஸ்டர் பிரசங்கத்தின் நடுவில் ஒரு திருத்தம் வெளியிட்டார். முன்கூட்டி நன்றி சொல்வது நல்லதுதான், ஆனால் சொல்லும்போது விசுவாசத்தில் சொல்கிறேன் என்று தெளிவாகச் சொல்லிவிடும்படி பிரதர்மார்களைக் கேட்டுக்கொண்டார். எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்ட அந்த ஞாயிறன்று படியிறங்கும்போது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். அடி விழும் என்று எதிர்பார்த்து நான் தோளைச் சுருக்கினேன். "நீ சொன்னது நல்லதா போச்சு கண்ணு. எனக்குத்தான் வாய் வரல" என்றார். நான் பார்த்த தைரியசாலிகளில் அத்தைக்குத்தான் இன்றும் முதலிடம் கொடுப்பேன். மறைத்த தப்பை மறைத்தேன் என்றும், செய்த நல்லதைச் செய்தேன் என்றும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்த வேறு ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.

டிசம்பரில் அந்த ராய்ச்சூர் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவளுடைய அம்மா ஊரில் பருத்தி எடுக்கும் வேலையில் இருந்தார். அறுவடை முடியாமல் அவரால் வர முடியாது. ஐந்து பேர் படுக்கும் தகர அறைக்குப் பச்சைக் குழந்தையை எப்படிக் கொண்டுபோவது? ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோ நேராக ஒக்கலிபுரத்துக்கு வந்தது. பின்னறை அக்காவுக்கும் பாப்பாவுக்கும் அத்தைக்கும் ஆனது. மாமா பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்கு வந்து, அப்பாவின் குறட்டைக்குப் பக்கத்தில் படுத்தார். அதில் அவருக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

"பாத்தியாக்கா? குடுத்தாரா இல்லையா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"உனக்காடா குடுத்தாரு?"

"வீட்டுக்குக் குடுத்தாரு" என்றார் மாமா. ஆண்டவர் தரப்பில் வாதாட அவரை விட்டால் ஆள் கிடையாது.

அத்தை விடியற்காலையில் எழுந்து வெந்நீர் வைப்பார். காலை நீட்டி உட்கார்ந்து, பாப்பாவைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, துணியில் சுற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டுத்தான் பஸ் பிடிக்க ஓடுவார். பகலில் அம்மா பார்த்துக்கொண்டார். சபைப் பெண்கள் முறை வைத்து வந்தார்கள். மாடி வீட்டுக் கன்னடத்து அம்மா பிள்ளை பெற்றவளுக்குத் தெம்பு வர, சாப்பிடும் கோந்தும் கொப்பரையும் போட்டு உருண்டை பிடித்துக் கொடுத்தார். அந்த அக்கா தன் ஊர் அம்மன் படம் ஒன்றைத் தலைமாட்டில் வைத்திருந்தாள். விசுவாசி வீட்டில் இதென்ன என்று வந்தவர்களில் ஒருவர் முணுமுணுத்தார். "அவ நம்ம வீட்டு விருந்தாளி சிஸ்டர்" என்று அத்தை சொன்னார். தினமும் தூசி தட்டும்போது அந்தப் படத்தையும் துடைத்து அதே இடத்தில் வைத்தார். பாப்பா தூங்கும்போது தலையில் கை வைத்துத் தமிழில் ஜெபித்தார். அக்காவுக்கு ஒரு வார்த்தை புரியாது. கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொள்வாள்.

அத்தைக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். பிள்ளை பெறாத அத்தையிடம், பிள்ளை பெற்றவர்கள் வந்து வயிற்று வலிக்கு என்ன கொடுப்பது என்று கேட்டார்கள். பாப்பாவுக்காக வந்தவர்கள் அத்தைக்காக வர ஆரம்பித்தார்கள். ஃபேக்டரியில் அவர் வரிசையில் வேலை செய்த பெண்கள் தங்கள் ரகசியங்களை அவரிடம் கொண்டுவந்தார்கள். சபையில் டீ ஊற்ற வேறு ஆள் பார்க்க வேண்டியதாயிற்று, அத்தைக்கு நேரமில்லை. அந்தப் பின்னறையில் அதற்குப் பிறகும் மூன்று பெண்கள் பிரசவம் முடிந்து வந்து தங்கிப் போனார்கள். மாமாவுக்கும் அத்தைக்கும் பிள்ளை பிறக்கவில்லை. ஆனால் அவர்கள் வீட்டில் குழந்தை அழும் சத்தம் பல வருடம் கேட்டது.

மார்ச் மாதம் அக்காவின் அம்மா வந்தார். தலையில் ஒரு மூட்டைத் துவரம்பருப்பு; எங்களுக்காம். கன்னடம் சரியாகத் தெரியாத என் அம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு அவர் ஒரு மணி நேரம் அழுதார். அம்மாவும் சேர்ந்து அழுதார். மறுநாள் மதியம் எல்லாரும் ஸ்டேஷனுக்கு நடந்தோம். மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். மூன்று மாதத்தில் பாப்பா முகம் பார்த்துச் சிரிக்கப் பழகியிருந்தது. யாரைப் பார்த்தும் சிரிக்கும். அத்தையைப் பார்த்தால் காலையும் உதைக்கும்.

ரயில் வந்து நின்றது. மாமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதார். அத்தை அழவில்லை. மருந்து எந்தப் பையில், வழியில் மாற்ற வேண்டிய துணி எந்தப் பையில் என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். பையின் வாயை இரண்டு முறை கட்டினார். ரயில் கிளம்பும் நேரம் நெருங்கியது. கதவோரம் நின்ற அந்த அக்கா பாப்பாவைத் தூக்கி அத்தையிடம் நீட்டினாள்.

"அக்கா, ஒந்து சல எத்கொள்ளி" என்றாள். ஒரு தடவை தூக்கிக்கொள்ளுங்கள் என்று எனக்கே புரிந்தது.

அத்தை ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். "கை ஈரமா கீது" என்று தமிழில் சொன்னார். அந்த அக்காவுக்கு அது புரிந்ததோ இல்லையோ, நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். நான் எட்டிப் பாப்பாவின் காலில் முத்தம் கொடுத்தேன். ரயில் நகர்ந்தது.

எனக்கு இப்போது ஒரு மகள் இருக்கிறாள். வைட்ஃபீல்டில் ஆபீசுக்குப் போகும் வழியில் அவளைக் குழந்தைகள் காப்பகத்தில் விடுகிறேன். வாசலில் இறக்கிவிட்ட பிறகு அவள் அழுதாலும் திரும்பத் தூக்குவதில்லை. தூக்கினால் விட்டுவிட்டு வர என்னால் முடியாது. சாயங்காலம் திரும்பக் கிடைக்கப்போகிற பிள்ளைக்கே எனக்கு இந்தக் கதி. அத்தை அன்று விட்டது திரும்பி வராத பிள்ளையை.

அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? மூன்று மாதம் வளர்த்த பாப்பாவைக் கடைசியாக ஒருமுறை தூக்கக்கூட மனசில்லாத கல்நெஞ்சு என்றுதான் அத்தையை நினைத்தேன். ஈரமென்றால் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கியிருக்கலாமே என்று ஆத்திரமாக இருந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது ரோட்டைக் கடக்க அத்தை என் கையைப் பிடித்தார். வீடு வரை விடவே இல்லை. வலிக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்த அந்தக் கை, காய்ந்துதான் இருந்தது.